மூச்சு பூத்த படிக்கட்டு

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் கோமதி காலமான செய்தி என்னைத் தேடி வந்தபோது நான் ஒரு பஸ்ஸைத் துரத்திக்கொண்டிருந்தேன். டெல்லி கிட்வாய் நகர் நிறுத்தத்தில் நிற்பதுபோல் மெதுவாகிவிட்டு, நாம் கையைத் தூக்கியதும் நகர்ந்துவிடுகிற ரகம். ஐம்பதை நெருங்கும் வயதில், இந்தத் தொப்பையோடு, ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் மறுகையில் குடையுமாக அதன் பின்னால் ஓடினேன். செருப்பின் வார் அறுந்தது. ஒற்றைச் செருப்போடும் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். கடைசியில் பஸ்ஸின் முதுகைப் பார்த்தபடி நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வாய் பிளந்திருந்தது, தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

அந்தக் கோலத்தில்தான் ராம்சரண் என்னைக் கண்டார். எங்கள் துறையில் ஆய்வகப் பணியாளர். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்தார். "ரோயியே மத், பாபுஜி" என்றார். அழாதீர்களாம். "உங்களுக்கு யார் சொன்னது?" என்று இந்தியில் கேட்டார். நான் எதற்கு அழ வேண்டும், யார் எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்பதற்காக வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. அவரே சொல்லி முடித்தார். "மேடம் சலீ கயீ(ன்)." மேடம் போய்விட்டார்.

ஆக, அழுவதற்கு முன்பே ஆறுதல் பெற்றுக்கொண்டவன் நான். அதன் பிறகு நிஜமாகவே அழுதேன். அப்போது ராம்சரணுக்கும் அதே வேலைதான் இருந்தது.

நம் தமிழ்ச் சங்கத்தின் மலருக்கு டாக்டரம்மாவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் அவருக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். பொங்கல் விழாவில் அவர் பேசக் கேட்டவர்களும் இருப்பீர்கள். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.; அதையும் ஒரே மூச்சில் முடித்தவனில்லை, நடுவில் ஒரு வருஷம் நின்று இளைப்பாறினேன். உடலியங்கியல் துறையின் ஸ்டோர் குமாஸ்தா. கண்ணாடிக் குழாய், ரப்பர் குழாய், பஞ்சு, ஸ்பிரிட் ஆகியவற்றின் காவல்காரன். திண்டுக்கல் பக்கத்துக்காரனான எனக்கும் பாளையங்கோட்டைக்காரரான அவருக்கும் அந்தக் கட்டிடத்தில் தமிழ் பேச வேறு ஆள் கிடையாது. அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன்.

அவருடைய வேலை என்னவென்றால், மனிதன் ஓடும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அளப்பது. அந்த வருஷங்களில் டெல்லி முழுக்க ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மேம்பாலமும் தூசியுமாக இருந்தது. எங்கள் துறைக்கு ஓட்டக்காரப் பையன்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண மனிதன் வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஓடாதவன், விளையாடாதவன், நாற்காலியில் உட்கார்ந்தே உத்தியோகம் பார்ப்பவன். துறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு ஏகமனதாக நான் எதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டதில்லை.

எங்கும் போகாத ஒரு சைக்கிளில் ஏற்றினார்கள். மூக்கில் ஒரு கிளிப். வாயில் ஒரு ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் பெரிய பை. நான் விடும் மூச்செல்லாம் அதற்குள் போய்ச் சேரும். காலையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார். நானும் ஒன்றும் சாப்பிடவில்லை, கேன்டீனில் சோலே பட்டூரே மட்டும். மிதிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தொடை கல்லாகிவிட்டது. வயிறு வேறு புரண்டது.

"என்ன சார், மூச்சு வாங்குதோ?"

வாயில் குழாய் இருந்ததால் தலையை ஆட்டினேன்.

"வாங்கிட்டா மட்டும் போதுமா? கடையில அரிசி வாங்கிட்டா வீட்ல சோறு வெந்துருமா? யாராவது தூக்கிட்டு வரணும்லா? நுரையீரல் வாங்கும். தூக்கிட்டு வாரது ரத்தம். தள்ளி விடுதது இதயம். உங்க கால் அங்கன கிடந்து, எனக்கு இன்னும் வரலையே, வரலையேன்னு கத்துது. மிதிங்க."

மிதித்தேன். இறங்கியதும் அந்தப் பையிலிருந்து கொஞ்சம் காற்றை எடுத்துச் சோதித்துவிட்டுச் சிரித்தார். "முக்கால்வாசிப் பிராணவாயுவ வாங்காமலே திருப்பி விட்டுட்டிய. காத்துக்குப் பஞ்சமே கிடையாது சார். கொண்டுபோய்ச் சேர்க்கதுலதான் பஞ்சம். காலையில என்ன சாப்பிட்டிய?"

"ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா."

"ஏப்பம் வேற மாதிரி சொல்லுதே."

அன்றைக்குத்தான் எனக்குப் புரியும்படி அந்தக் கணக்கைச் சொன்னார். கிட்வாய் நகரில் நான் மாடி வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். கோடையில் கீழ்வீட்டுக்காரர் குழாயை மூடினால்தான் எங்கள் வீட்டில் வாளி நிறையும். உடம்பும் அப்படித்தானாம். கால் வேலை செய்யும்போது வயிற்றுக்குப் போகும் குழாய்கள் சுருங்கிக்கொண்டு காலுக்கு வழி விடும். "நீங்க கீழ்வீட்டுலயும் குழாயத் திறந்து விட்டுட்டிய, மேல் வீட்டுலயும் திறந்து விட்டுட்டிய. பம்ப் ஒண்ணுதான சார்?" அதோடு இன்னொன்றும் சொன்னார். வேலை செய்யும் தசை மேலிடத்து உத்தரவுக்காகக் காத்திருக்காதாம். தனக்கு வேண்டியபோது பக்கத்திலுள்ள சின்னக் குழாய்களைத் தானே திறந்துகொள்ளுமாம். "இந்த டெல்லியில ஃபைல் நகராம காரியம் நடக்குத ஒரே இடம் தொடைதான்." மாணவர்களிடம் இதை ஆங்கிலத்தில் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை என்று குறைப்பட்டார். பிள்ளைகள் இன்னும் உத்தியோகத்துக்குப் போகவில்லை, அதனால்தான் என்று தேற்றினேன்.

அந்த மூக்கு கிளிப் பிறகு ஸ்பிரிங் தளர்ந்து எதற்கும் ஆகாமல் போனது. கழித்துக்கட்டும்போது நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் துறை ஆஸ்பத்திரியின் பழைய கட்டிடத்தில் இரண்டாம் மாடி. ஒரே ஒரு லிஃப்ட். அதன் கதவுக்கு மேலே ஒரு பலகை: நோயாளிகளுக்கும் பேராசிரியர்களுக்கும் மட்டும். டாக்டரம்மா அப்போது பேராசிரியர் ஆகவில்லை. அதற்குக் கீழ்ப்படியில்தான் இருந்தார். ஆனாலும் டாக்டர்கள் எல்லோரும் அந்த லிஃப்டில் ஏறத்தான் செய்தார்கள். இவர் மட்டும் படியில் வருவார். ஒரு நாள் கேட்டேன்.

"பலகைய வாசிக்கலையா சார்? நான் இன்னும் ரெண்டும் ஆகலை."

நான் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தேன். பாதிதான் நகைச்சுவை என்பது பிறகுதான் தெரிந்தது.

தெரிய வைத்தவள் என் மகள் கவிதா. பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஓடுவாள். அவளையும் சைக்கிளில் ஏற்றிப் பார்க்கலாம், கூட்டி வாங்க என்று டாக்டரம்மாவே சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை மூவரும் படியேறினோம். கவிதா இரண்டிரண்டு படியாகத் தாவிப் போனவள் முதல் மாடித் திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். கத்தினாள்.

"அப்பா, ஆன்ட்டிக்கு மூச்சு பூக்குது!"

டெல்லியில் பிறந்த பிள்ளையின் தமிழ் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இந்தியில் மூச்சு வாங்குவதற்கு 'ஸான்ஸ் ஃபூல்னா' என்பார்கள். மூச்சு உப்புகிறது என்று அர்த்தம். ஆனால் பூ பூப்பதற்கும் அங்கே அதே ஃபூல்தான். குழந்தை தனக்குத் தெரிந்த தமிழில் அதை அப்படியே பூக்க வைத்துவிட்டாள். எனக்கு மானம் போனது. டாக்டரம்மாவோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் சுவரை விடவில்லை. உதடு லேசாக நீலம் பாரித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"மூச்சு வாங்குதுன்னா கடன்காரி மாதிரி இருக்கு. பூக்குதுன்னா நல்லாருக்குல்லா? ஏட்டி, இனிமே நானும் அப்படித்தான் சொல்லப்போறேன்."

கவிதா சைக்கிளை மிதித்து முடித்து இறங்கியவுடன், "ஆன்ட்டி, நீங்க ஏன் இதுல ஏறவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். "ஏட்டி, எனக்குப் பாலன்ஸ் இல்ல" என்றார். நகராத சைக்கிளில் ஏறப் பாலன்ஸ் எதற்கு? கவிதா நம்பிவிட்டாள். நான் நம்பவில்லை. அவள் கை கழுவப் போன நேரத்தில் டாக்டரம்மா தாமே சொன்னார்.

சின்ன வயதில் வந்த காய்ச்சல். மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்து பிழைத்தாராம். போகிற போக்கில் அது இதயத்துக்குள் இருக்கும் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. இளம் வயதில் ஒரு தடவை அதைத் திறந்துவிட்டார்கள். இப்போது மறுபடியும் சுருங்குகிறது.

"பஸ் கதவு மாதிரின்னு வச்சுக்கிடுங்க. ஒவ்வொருத்தரா ஏறினா எல்லாரும் ஏறிரலாம். இதயம் மெள்ள அடிக்குத வரைக்கும் எனக்கு ஒண்ணுங் கிடையாது. படி ஏறினா அது வேகமா அடிக்கும். அப்ப கதவு திறந்திருக்க நேரம் குறையும். பஸ்ஸு பாதிப் பேர ஏத்தாமலே கிளம்பிரும். மிச்சம் உள்ளவுக நெரிசல்ல நுரையீரலுக்குள்ள நிப்பாக. அதான் இந்தப் பூ."

"அப்ப லிஃப்டுல வாங்களேன் டாக்டரம்மா."

"ஏறினா எதுக்குன்னு கேப்பாக. நோயாளின்னு ஒரு தடவ தெரிஞ்சு போச்சுன்னா, அப்புறம் நான் சொல்லுத எதையும் கேக்க மாட்டாக. என் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருப்பாக. இங்க ஓட வாரவனெல்லாம் என்ன நெனப்பான்? வெளிய சொல்லிராதிய சார்."

நான் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து காலையில் கீழே வாசலில் அவர் வரும்வரை ஏதாவது சாக்கில் நின்றுகொண்டிருப்பேன். சேர்ந்து ஏறுவோம். முதல் திருப்பம் வருவதற்குக் கொஞ்சம் முன்பாகவே நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "டாக்டரம்மா, கொஞ்சம் நில்லுங்க. எனக்கு மூச்சு வாங்குது" என்பேன். பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொல்வேன். வாயைப் பிளப்பேன். தொப்பையைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவேன்; அதற்கு அதிக முயற்சி தேவைப்படாது. அவர் என் பக்கத்தில் நிற்பார். மாணவர்கள் எங்களைக் கடந்து போவார்கள். குண்டுக் குமாஸ்தாவுக்காக மேடம் நிற்கிறார், எவ்வளவு நல்ல மேடம் என்று நினைத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்பார்: "பூத்தது போதுமா சார்? போவமா?"

என் நடிப்பு நான் நினைத்ததைவிடப் பிரமாதமாக இருந்திருக்க வேண்டும். ராம்சரண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாபுஜி, ஆலூ கம் கீஜியே" என்று உருளைக்கிழங்கைக் குறைக்கச் சொன்னார். செய்தி எப்படியோ கிட்வாய் நகருக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் தட்டில் அப்பளம் இல்லை.

"என்னங்க, ரெண்டு மாடிக்கே உங்களுக்கு இளைக்குதாம்ல? ஊரே பேசுது. வயசுக்கு வரப்போற பொண்ண வச்சுக்கிட்டு நீங்க பாட்டுக்கு இப்டி இருந்தா எப்டி?" என்றாள் மனைவி.

உண்மையைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். டாக்டரம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. வாயை மூடிக்கொண்டு பாகற்காயைத் தின்றேன். அப்பளம் திரும்பி வர வெகுகாலம் ஆனது.

ஒரு நாள் திருப்பத்தில் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தோம். அன்று அவருக்கு அதிகமாகவே இருந்தது. பேச முடியாமல் நின்றார். நானும் அதற்கேற்பக் கொஞ்சம் பலமாக இரைத்துக் காட்டினேன். திடீரென்று என் மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரல் வைத்தார். எனக்கு உயிர் போய்விட்டது. மற்றவர் கண்ணுக்கு இளைப்பைக் காட்டலாம். நாடியை எங்கே ஒளிப்பது? அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கி எழுந்தவனைப் போல் சாவகாசமாக அடித்துக்கொண்டிருந்தது. அதுவும் யாரிடம்? நாள் முழுக்க ஓட்டக்காரர்களின் நாடியைப் பிடிப்பவரிடம். என்னையே சைக்கிளில் ஏற்றி, எவ்வளவு மிதித்தால் எனக்கு எவ்வளவு அடிக்கும் என்று ஏற்கெனவே அளந்து வைத்திருப்பவரிடம்.

விரலை எடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "உங்களுக்கு நல்லாத்தான் வாங்குது. இன்னும் கொஞ்சம் நில்லுங்க சார்" என்றார்.

நின்றேன்.

அதன் பிறகு எனக்குள் ஒரு கலக்கம் குடிவந்துவிட்டது. அவர் நிற்கும் நேரம் மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனது. குளிர்காலத்தில் இன்னும் மோசம். முதலில் ஒரு திருப்பத்தில் நின்றோம், பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும். என் இளைப்பும் அதற்கேற்ப முற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. மறுபடியும் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லலாம் என்றால், நான் யார் சொல்ல? ரப்பர் குழாய்க் காவல்காரன். இருந்தும் ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"ஊர்ல இருக்குறவங்களையெல்லாம் அளக்குறீங்க. உங்களை யாரு டாக்டரம்மா அளக்குறது?"

"அளந்தாச்சு சார். அதான் பயமா இருக்கு."

அவர் பயம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ரெண்டாம் தடவை திறப்பது முதல் தடவை மாதிரி சுலபமில்லை என்றார். முதல் தடவை போனபோது எதுவும் தெரியாத வயது, இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது, தெரிந்தவளைப் படுக்க வைப்பது கஷ்டம் என்றார். அதோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டார். அடுத்த சில நாட்கள் எனக்கு முன்பே வந்து தனியாகப் படியேறிப் போய்விட்டார். நான் திருப்பத்தில் நின்று, யாருக்காக இரைப்பது என்று தெரியாமல் மேலே போனேன்.

பிப்ரவரியில் கவிதாவின் பள்ளி விளையாட்டுப் போட்டி. டாக்டரம்மா கோல் மார்க்கெட்டிலிருந்து ஆட்டோவில் வந்திறங்கினார். மேல் வரிசைக்கு ஏற வேண்டாம் என்று நான் முதல் வரிசையிலேயே துண்டு போட்டு இடம் பிடித்திருந்தேன். எண்ணூறு மீட்டர் ஆரம்பித்தது. கவிதா முதல் சுற்றில் மூன்றாவதாக வந்தாள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொருவராகப் பின்னாலிருந்து கடந்து போனார்கள். எனக்குப் பழக்கமான காட்சிதான், பேசாமல் உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். "ஏட்டி! கையை வீசு! விட்டுராத! ஓடுட்டி!" பஞ்சாபிக் குடும்பங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. பாளையங்கோட்டைக் கடைத்தெரு டெல்லிக்கு வந்ததுபோல் இருந்தது. கவிதா ஒருத்தியைத் திருப்பி முந்தினாள். ஐந்தாவது. எங்கள் குடும்ப வரலாற்றில் அது தங்கப்பதக்கம்.

ஓடி வந்த வேகத்தில் கவிதா எங்கள் முன்னால் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இரைத்தாள். டாக்டரம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து, அதேபோல் குனிந்து, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு இரைத்தார். ஒருத்தி இரண்டு சுற்று ஓடியவள். ஒருத்தர் நின்ற இடத்தில் நின்று கத்தியவர். கவிதாவுக்குச் சீக்கிரமே அடங்கிவிட்டது. நிமிர்ந்து தண்ணீர் கேட்டாள். டாக்டரம்மாவுக்கு அடங்கவில்லை. இருமினார். கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தபோது அதில் ரோஜா நிறத்தில் கறை.

கவிதா பார்த்துவிட்டாள். இந்தத் தடவை அவள் எதையும் மொழிபெயர்க்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கியா ஹுவா?" என்று மட்டும் கேட்டாள். என்ன ஆச்சாம்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவே எனக்காக வாசலில் காத்திருந்தார். முதல் திருப்பத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நின்றார்.

"கதவத் திறந்து பாத்துரலாம்னு இருக்கேன் சார். அந்தப் பிள்ளைக்கு அடங்கினதப் பாத்தியளா? எவ்வளவு அழகா அடங்குது! எனக்கும் ஒரு தடவ அப்படி அடங்கணும்னு இருக்கு."

நல்லது என்றேன். சந்தோஷப்பட வேண்டியவன்தான், நான்தானே கேட்டேன். ஆனால் அன்று முழுக்கப் பஞ்சு கேட்டவர்களுக்கு ஸ்பிரிட்டையும் ஸ்பிரிட் கேட்டவர்களுக்குப் பஞ்சையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் அறை அதே கட்டிடத்தின் மேல்மாடியில். அன்று காலை கீழ் வார்டிலிருந்து அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த தம்பியை ரத்தம் கொடுக்கிற இடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். லிஃப்ட் கதவுவரை நான் கூடவே நடந்தேன். பச்சைத் துணிக்குள் டாக்டரம்மா சின்னப் பெண் மாதிரி தெரிந்தார். கதவுக்கு மேலிருந்த பலகையைப் படுத்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்தியளா சார், ஒரு வழியா ஏத்திட்டாக. பேராசிரியர்னு நெனச்சிருப்பாகளோ?"

தள்ளுவண்டியும் நர்சும் போக உள்ளே இடமில்லை. "ஜகஹ் நஹீ(ன்) ஹை, பாபுஜி" என்று லிஃப்ட்காரர் கையை நீட்டித் தடுத்தார். கதவு மூடும்போது டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "நீங்க படியில வாங்க சார். மெள்ள வாங்க."

மெதுவாகப் போகவில்லை. அந்தப் படிக்கட்டில் அவ்வளவு வருஷம் ஏறியவன், முதல் தடவையாக எந்தத் திருப்பத்திலும் நிற்காமல் ஓடினேன். லிஃப்டுக்கு முன்னால் மேலே போய் நிற்க வேண்டும் என்று ஒரு வெறி. இரண்டாம் மாடியைத் தாண்டியபோது தொடை கல்லாகியது. இதயம் காதுக்குள் அடித்தது. கடைசிப் படியில் நான் காலை வைத்ததும் லிஃப்ட் கதவு திறந்ததும் ஒன்றாக இருந்தது.

தள்ளுவண்டி என் பக்கம் வந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து, தோள் குலுங்க நின்றேன். டாக்டரம்மா துணிக்குள்ளிருந்து கையை நீட்டினார். ஏதோ கேட்கிறார் என்று நினைத்து நானும் நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்து நாடியில் விரல் வைத்தார். வண்டி தள்ளுகிறவர் பொறுமையிழந்து நின்றார். டாக்டரம்மா அவசரப்படவில்லை. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னைக்குத்தான் சார் உங்களுக்கு நிசமாவே பூத்திருக்கு."

கையை விட்டார். வண்டி உள்ளே போனது. அதன் பிறகு அவர் கண் திறக்கவில்லை. சில நாட்கள் அப்படியே இருந்தார். பார்க்க விடவில்லை. ஒரு காலையில் நான் பஸ்ஸைத் துரத்தினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்ல வேண்டுமென்றால், ஸ்பிரிங் போன ஒரு மூக்கு கிளிப். பிறகு அந்தத் திருப்பம். இப்போதும் தினமும் அங்கே நிற்கிறேன். இரைப்பதில்லை, சும்மா நிற்கிறேன். மாணவர்கள் கடந்து போகிறார்கள். ராம்சரண் மட்டும் சில நாள் பக்கத்தில் வந்து நிற்பார், உருளைக்கிழங்கைப் பற்றி இப்போது பேசுவதில்லை. வீட்டில் கவிதா ஓடிவிட்டு வந்து, "அப்பா, பூக்குது" என்று வாசலில் உட்காருவாள். அவளுக்கு இப்போது நல்ல தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியும். நான் திருத்துவதில்லை, அவளும் மாற்றிக்கொள்ளவில்லை. அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று ஆபரேஷன் அறைக் கதவு மூடியபோது டாக்டரம்மாவின் தலை இன்னும் என் பக்கம்தான் திரும்பியிருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வீட்டை விட்டுக் கிளம்புகிற யாருக்கும், பால்காரருக்குக்கூட, யோசிக்காமல் சொல்கிற வார்த்தைதான். வெறும் காற்றுதான் வந்தது.

போயிட்டு வாங்க, டாக்டரம்மா.